மெட்ராய்ட் ஸீரோ மிஷன்: முடித்த பிறகு என்னென்ன திறக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமை முடித்தாயிற்று, பெயர்ப் பட்டியலும் ஓடி முடிந்தது, இனி கார்ட்ரிட்ஜை டப்பாவில் போட்டு மூடிவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்காக எழுதியது இது. ‘மெட்ராய்ட்: ஸீரோ மிஷன்’ விஷயத்தில் அப்படி மூடிவிட்டால் பாதிச் சாப்பாட்டில் கை கழுவின மாதிரி. இந்தக் கேமைப் பற்றி நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கதையின் பின்பகுதியைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள், மதர் பிரெயின் பற்றிய கேள்வியும் அதற்கு அடுத்ததும் வரும்போது தாண்டிப் போய்விடுங்கள்.

இது என்ன கேம்?

2004-இல் கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்காக நின்டெண்டோ வெளியிட்டது. 1986-இல் ஜப்பானில் ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டத்தில் வந்த முதல் ‘மெட்ராய்ட்’ கதையைப் புதிதாக எடுத்துச் சொல்கிறது. இயக்கியவர் யோஷியோ ஸகாமோட்டோ. ‘சூப்பர் மெட்ராய்ட்’, ‘மெட்ராய்ட் ஃப்யூஷன்’ இரண்டும் அவர் இயக்கியவைதான்.

சன்மானத்துக்கு வேட்டையாடும் சாமுஸ் அரன் ஸீபஸ் கிரகத்துக்குள் இறங்கி, விண்வெளிக் கொள்ளையர்களின் தளத்தையும் அதை ஆளும் மதர் பிரெயினையும் அழிக்க வேண்டும். ஓடி, தாண்டி, சுட்டுக்கொண்டே போகும் ஆட்டம். லெவல் ஒன்று, லெவல் இரண்டு என்றெல்லாம் கிடையாது. மொத்தமும் ஒன்றோடொன்று கோத்த ஒரே பெரிய சுரங்கம். புதிதாக ஒரு பொருள் கிடைத்ததும், முன்பு முட்டிக்கொண்டு திரும்பிய இடத்தில் வழி பிறக்கும்.

முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

எனக்கு முதல் தடவை ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டாம் தடவை மூன்றுக்குக் கீழே வந்தது. நன்றாகப் பழகியவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள்.

“இவ்வளவுதானா? காசுக்கு இது போதாதே” என்று சிலர் சொல்வார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கேமின் பலமே அதுதான். நாற்பது மணி நேரக் கேமை யாரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து மறுபடி தொடங்குவதில்லை. இதைத் தொடங்கலாம், இருட்டுவதற்குள் முடிக்கவும் முடிக்கலாம்.

சரி, முடித்தால் என்ன கிடைக்கும்?

முதலாவது, 1986-இன் அசல் ‘மெட்ராய்ட்’ முழுதாக, அதே கார்ட்ரிட்ஜுக்குள் திறக்கும். இரண்டாவது, நார்மலில் முடித்தால் ஹார்ட் மோட் வரும். மூன்றாவது கேலரி: நீங்கள் சம்பாதித்த எண்டிங் படங்கள் அதில் சேர்ந்துகொண்டே போகும். இவை தவிர ‘மெட்ராய்ட் ஃப்யூஷன்’ வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு கேலரி உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

எண்டிங் மொத்தம் எத்தனை? எதை வைத்து மாறுகிறது?

எட்டு. கதை மாறாது, கடைசியில் வரும் சாமுஸின் படம்தான் மாறும். மூன்று விஷயங்களைப் பார்த்து எந்தப் படம் என்று கேம் முடிவு செய்கிறது: எவ்வளவு நேரத்தில் முடித்தீர்கள், எத்தனை சதவீதப் பொருள்களை எடுத்தீர்கள், எந்த மோடில் ஆடினீர்கள். எல்லாவற்றையும் எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தால் ஒரு படம். 15 சதவீதமோ அதற்கும் குறைவோ எடுத்து முடித்தால் வேறொன்று. அதே 15 சதவீதத்தை ஹார்ட் மோடில் செய்தால் இன்னொன்று.

இதில் எனக்குப் பிடித்தது, இந்த நிபந்தனைகள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பது. எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டே எதையும் பொறுக்காமல் போக முடியாது. ஆகவே ஒரே ஆட்டத்தில் எல்லாப் படங்களையும் வாரிக்கொள்ள வழியில்லை. கேமை நீளமாக இழுக்காமலேயே நம்மைத் திரும்ப வரவைக்கிறார்கள்.

நேரத்துக்கு ஏற்ப எண்டிங் மாறும் பழக்கம் 1986-இலேயே உண்டு. அந்தக் கேமை ஐந்து மணி நேரத்துக்குள் முடித்தால் சாமுஸ் ஹெல்மெட்டைக் கழற்றுவாள். உள்ளே இருப்பது ஒரு பெண் என்று அப்போதுதான் தெரியும். கூட வந்த கையேடே அவளை ஆண் என்றுதான் எழுதியிருந்தது. வேகமாக ஆடியவனுக்கு மட்டும் காட்டிய ரகசியம் அது.

100 சதவீதம் என்றால் என்ன கணக்கு?

மிக எளிய கணக்கு. மொத்தம் 100 பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம். உயிரைக் கூட்டும் எனர்ஜி டேங்க் 12; ஆயுதக் கையிருப்பைக் கூட்டுபவற்றில் மிசைல் டேங்க் 50, சூப்பர் மிசைல் டேங்க் 15, பவர் பாம் டேங்க் 9. இது 86 ஆயிற்று. மீதி 14-ம் மார்ஃப் பால் (பந்தாகச் சுருண்டு உருள்வது), ஐஸ் பீம், ஸ்பீட் பூஸ்டர் போன்ற திறன்கள்.

வரைபடத்தில் வட்டமாகத் தெரிவது இன்னும் எடுக்காத பொருள். எடுத்ததும் அது நிரம்பிய புள்ளியாகிவிடும். வட்டம் எதுவும் இல்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள். நீங்கள் காலே வைக்காத அறை வரைபடத்தில் சரியாகத் தெரியாது.

மதர் பிரெயினை அழித்துவிட்டேன், ஆனால் கேம் முடியவில்லையே?

முடியாது. அசல் கேம் முடிந்த இடத்தில்தான் இந்தக் கேம் தன் சொந்தக் கதையைத் தொடங்குகிறது.

தளம் வெடிப்பதற்குள் தப்பி, கப்பலேறிப் பறக்கும் சாமுஸைக் கொள்ளையர்கள் சுட்டு வீழ்த்துகிறார்கள். கவசம் போய்விட்டது. கையில் ஒரு சின்னத் துப்பாக்கி, உடம்பில் ஒட்டிய நீல உடை, அவ்வளவுதான். அந்தத் துப்பாக்கியால் கொள்ளையர்களைக் கொல்ல முடியாது. சுட்டால் கொள்ளையன் கொஞ்ச நேரம் விறைத்து நிற்பான். அடுத்த குண்டுக்கு அது சார்ஜ் ஆகிற வரை நீங்கள் ஓட வேண்டும். கண்ணில் பட்டால் எச்சரிக்கை மணி அடிக்கும், அறை விட்டு அறை துரத்துவார்கள். தவழ்ந்து ஏதாவது ஒரு பொந்தில் புகுந்து, மணி ஓயும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

முதல் தடவை ஆடும்போது அந்தப் பகுதியை வெறுத்தேன் என்று ஒத்துக்கொள்கிறேன். அதுவரை யானை பலத்தோடு திரிந்த ஆளை எலியாக்கிவிட்டார்களே என்ற ஆத்திரம். இரண்டாம் தடவை ஆடியபோது அதுவே பிடித்த பகுதியாகிவிட்டது. எந்தப் பொந்து எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு, மணி அடிக்காமலே நழுவிப் போவதில் ஒரு திருட்டுச் சந்தோஷம் இருக்கிறது.

வழியில் எடுத்த மூன்று பொருள்கள் வேலை செய்யவில்லை. பழுதா?

பழுது இல்லை. அந்த மூன்றும் ‘தெரியாத பொருள்’ என்றே கிடைக்கும். பிளாஸ்மா பீம், ஸ்பேஸ் ஜம்ப், கிராவிட்டி சூட். மதர் பிரெயினை அழிக்கும் வரை அவற்றைச் சுமந்துகொண்டு திரிய வேண்டியதுதான். சோஸோ என்ற பழங்கால இனம் விட்டுப்போன சோஸோடியா இடிபாடுகளுக்குள் ஒரு சோதனை வரும். கண்ணாடி போன்ற ஒன்றில் சாமுஸின் உருவமே தெரியும். சரியான கணம் பார்த்து அதைச் சுட வேண்டும். அதில் தேறினால் பழைய கவசத்தை விடப் பலமான ஒன்று கிடைக்கும். மூன்றும் ஒரேயடியாக உயிர்பெறும். சற்றுமுன் துரத்தின அதே கொள்ளையர்களை இப்போது நீங்கள் துரத்தலாம். அந்தப் பத்து நிமிடம் இருக்கிறதே, சொல்லிப் புரியவைக்க முடியாது.

நூறையும் எடுப்பதில் எது கஷ்டம்?

பெரும்பாலானவை பொறுமைக் கணக்குத்தான்: சுவரில் குண்டு வை, எது உடைகிறது பார். உண்மையான கஷ்டம் ஷைன்ஸ்பார்க் கேட்கும் இடங்களில். அது என்னவென்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கேம் இதை நேராகச் சொல்லித் தருவதில்லை.

ஸ்பீட் பூஸ்டர் எடுத்த பிறகு, நேரான தரையில் நிற்காமல் ஓடினால் சாமுஸின் உடம்பு மின்ன ஆரம்பிக்கும். அந்த வேகத்தில் எதிரிகளே உடைந்து போவார்கள். மின்னிக்கொண்டு ஓடும்போதே கீழ் பட்டனை அழுத்துங்கள். அவள் குனிந்து நிற்பாள், உடம்பு மட்டும் பளிச் பளிச்சென்று மின்னும். ஓடிய வேகம் அத்தனையும் இப்போது உடம்புக்குள் சேமித்து வைத்த மாதிரி. சில விநாடிகள்தான் அது தாங்கும். அதற்குள் எங்கே வேண்டுமோ அங்கே போய்த் தாண்டினால், ராக்கெட் மாதிரி நேராகப் பாய்ந்து, சுவரில் முட்டும் வரை நிற்க மாட்டாள்.

இதுவரை எளிது. சூட்சுமம் சரிவில் இருக்கிறது. கிடையாகப் பாயும்போது வழியில் ஏற்றச் சரிவு ஒன்றில் மோதினால், முட்டி நிற்பதற்குப் பதிலாக அவள் அப்படியே ஓட்டத்துக்கு மாறிவிடுவாள், மின்னல் போகாது. உடனே மறுபடி கீழ் பட்டனை அழுத்தி வேகத்தைச் சேமிக்கலாம். அங்கிருந்து இன்னொரு பாய்ச்சல். இப்படி ஒரு பாய்ச்சலை அடுத்ததோடு கோத்துக்கொண்டே, ஓடுவதற்கு இடமே இல்லாத மூலைக்கும் வேகத்தைக் கொண்டுபோகலாம். பந்தாகச் சுருண்ட நிலையில்கூட இதைச் செய்ய முடியும்.

ஒரு டேங்குக்காக நான் ஒரு மாலை முழுக்க ஒரே அறையில் ஓடியிருக்கிறேன். ஓடு, குனி, தாண்டு, பாய், சரிவு, குனி. ஒவ்வொரு தடவையும் கடைசிக் குனிதலில் விரல் ஒரு மயிரிழை பிந்தும். கிடைத்தது வெறும் மிசைல் டேங்க். ஏற்கெனவே கையில் இருநூறு மிசைல் இருந்தது! ஆனால் அந்த ‘டிங்’ ஓசைக்குப் பிறகு விரல் தானாகவே அந்த வித்தையைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. அடுத்த ஆட்டத்தில் அதே அறையை ஒரே முயற்சியில் தாண்டினேன்.

15 சதவீதத்தில் முடிக்க முடியுமா, இல்லை சும்மா சொல்கிறார்களா?

முடியும். 9 சதவீதத்திலேயே முடித்தவர்கள் இருக்கிறார்கள். அதுதான் அடிமட்டம் என்று ஆடுகிறவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அதாவது தவிர்க்கவே முடியாதவை ஒன்பதுதான். 15 சதவீத எண்டிங்குக்கு ஆசைப்படுகிறவர் கையில் மீதி ஆறு இருக்கும். அந்த ஆறை எதில் போடுவது என்பதில்தான் இந்த ஆட்டத்தின் ருசி. உயிருக்கு ஒரு எனர்ஜி டேங்கா, மதர் பிரெயினுக்கு ஒரு சூப்பர் மிசைலா? மாதக் கடைசியில் கையிருப்பை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற குடும்பத் தலைவி மாதிரி ஆகிவிடுவீர்கள்.

சாதாரணமாக ஆடும்போது ஓடிப்போய் எடுக்கிற டேங்கை இதில் பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டிப் போக வேண்டும். சில டேங்குகள் வழியிலேயே உட்கார்ந்திருக்கும். அவசரத்தில் தொட்டுவிட்டால் பழைய சேவுக்குத்தான் போக வேண்டும். ஆகவே அடிக்கடி சேவ் செய்யுங்கள்.

சிலைகள் காட்டும் இடத்துக்குத்தான் போக வேண்டுமா?

அவசியமில்லை. சோஸோ சிலையின் கையில் பந்தாக உருண்டு உட்கார்ந்தால், அடுத்து எங்கே போக வேண்டும் என்று வரைபடத்தில் ஒரு குறி விழும். முதல் ஆட்டத்தில் அதைக் கேட்டு நடங்கள். இரண்டாவதில் சிலையைக் கும்பிட்டுவிட்டு உங்கள் இஷ்டத்துக்குப் போங்கள்.

பெரிய எதிரிகள் இருவரில் க்ரெய்டை அடித்த பிறகு ரிட்லி என்பது சிலை சொல்லும் வரிசை. ரிட்லியை முதலில் அடிக்கவும் வழி உண்டு. ஆடுகிறவன் ஏமாற்றிக் கண்டுபிடித்த ஓட்டை இல்லை அது. வெறும் சுவர் போல இருக்கும் இடத்தில் குண்டு வைத்தால் உடைந்து, குறுக்குவழி திறக்கும். அந்தக் கல்லை அங்கே வைத்தவர்கள் கேமை உருவாக்கியவர்களேதான். வாசல் கதவைப் பூட்டிவிட்டு, கொல்லைக் கதவைச் சும்மா சாத்தி வைத்திருக்கிறார்கள்.

சுவரில் மாறி மாறி உதைத்து மேலேறுவது இதற்கெல்லாம் அடிப்படை. ‘ஃப்யூஷனில்’ சுவரை உதைத்தால் சாமுஸ் வெகுதூரம் தள்ளிப் போய்விடுவாள். ஒரே சுவரைப் பிடித்து ஏற முடியாது. இதில் ஏறலாம். அந்தச் சின்ன வித்தியாசம் ஒன்றே பாதிக் கதவுகளைத் திறந்துவிடுகிறது.

ஹார்ட் மோட் எவ்வளவு கஷ்டம்?

வாங்கும் அடி அதிகம், சேர்த்து வைப்பதும் குறைவு. நார்மலில் ஒரு எனர்ஜி டேங்க் 100 கொடுக்கும், இதில் 50. மிசைல் டேங்குக்கு ஐந்து வந்தது இரண்டாகிவிடும். சூப்பர் மிசைல், பவர் பாம் இரண்டும் டேங்குக்கு இரண்டிலிருந்து ஒன்றாகும். நூறும் எடுத்தால் நார்மலில் எனர்ஜி 1299, மிசைல் 250. ஹார்டில் அதே நூறுக்கு 699-ம் 100-ம்தான்.

நார்மலில் நூறு எடுத்தவர் கடைசியில் பீரங்கி வண்டி மாதிரி ஆகிவிடுவார்; எதிரில் நிற்பவனைப் பற்றி யோசிக்கவே மாட்டார். ஹார்டில் கடைசி வரை யோசிக்க வேண்டும். என் அபிப்பிராயத்தில் இதுதான் சரியான அளவு உப்பு போட்ட பதிப்பு.

1986 கேமை இன்று ஆட முடியுமா? பொறுமை இருக்காதே?

நியாயமான கேள்வி. நேராகப் போய் ஆடினால் அரைமணியில் அணைத்துவிடுவீர்கள். வரைபடம் கிடையாது. குனிந்து சுட முடியாது, சாய்வாகவும் சுட முடியாது. தொடங்கும்போது எனர்ஜி 30. செத்து மறுபடி வந்தாலும் அதே 30. நிரப்பிக்கொள்ள அங்கேயும் இங்கேயும் பூச்சி சுட்டுக்கொண்டு நிற்க வேண்டும். எனர்ஜி டேங்க் எட்டு ஒளித்து வைத்திருக்கிறார்கள், ஆனால் ஆறைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அமெரிக்காவில் 1987-இல் கார்ட்ரிட்ஜாக வந்தபோது சேவ் வசதியும் போய், 24 எழுத்துப் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனால் ‘ஸீரோ மிஷனை’ முடித்த கையோடு அதைத் திறந்து பாருங்கள். சாமுஸ் நிற்கும் முதல் இடம் உங்களுக்குத் தெரிந்த இடம். வலது பக்கம் போகத்தான் கை துடிக்கும். போனால் தாழ்வான ஒரு சந்து தடுக்கும். உடனே நினைவு வரும்: இடது பக்கம் போனால் மார்ஃப் பால் இருக்குமே! போய்ப் பார்த்தால், இருக்கிறது. அதே இடம், அதே பந்து, பதினெட்டு வருடம் முன்னால். புதுப்பித்த வீட்டில் குடியிருந்துவிட்டு, அதே வீட்டின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்க்கிற மாதிரி. தூண் எங்கே, நடை எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடியும்.

எந்த இடம் மாறியிருக்கிறது, எதை அப்படியே விட்டிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டே ஆடினால் அந்தக் கேமும் சலிக்காது. முடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நானே நார்ஃபேர் என்ற பகுதியில் வழிதவறி இரண்டு முறை விட்டிருக்கிறேன்.

ஒரு தகவல்: 2002-இல் இதே 1986 கேமை ‘மெட்ராய்ட் பிரைம்’ வழியாகவும் பரிசாகக் கொடுத்தார்கள். அதற்கு கேம்கியூப், கேம் பாய் அட்வான்ஸ், ‘ஃப்யூஷன்’ கார்ட்ரிட்ஜ், இரண்டு கருவிகளையும் இணைக்கிற கேபிள், எல்லாம் வேண்டும். ‘ஸீரோ மிஷன்’ அதைக் கேபிளே இல்லாமல் கொடுத்தது.

‘ஃப்யூஷனோடு’ இணைத்தால் என்ன வரும்? எப்படி இணைப்பது?

‘ஃப்யூஷனின்’ எண்டிங் படங்களுக்கான கேலரி ‘ஸீரோ மிஷனுக்குள்’ திறக்கும். அதற்கு இரண்டு கேம் பாய் அட்வான்ஸ், இரண்டு கார்ட்ரிட்ஜ், ஒரு லிங்க் கேபிள் வேண்டும். எஸ்பி மாடலுக்கும் அதே கேபிள் பொருந்தும். மைக்ரோ மாடலின் துளை வேறு. நின்டெண்டோ டிஎஸ்ஸில் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ் ஓடும் என்றாலும் அதில் லிங்க் கேபிள் துளையே கிடையாது. டிஎஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் இந்தக் கேலரியை மறந்துவிடலாம்.

வெறும் படங்களுக்காக இவ்வளவு சாமான் வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம்.

‘ஃப்யூஷனிலும்’ இதே அளவு மறுபடி ஆடும் சுவை உண்டா?

அதிலும் நேரத்தையும் சதவீதத்தையும் பொறுத்துப் படங்கள் மாறும். ஜப்பானியப் பதிப்பில் ஈஸி, ஹார்ட் மோடுகளும் கூடுதல் படங்களும் இருந்தன. அமெரிக்கப் பதிப்பில் அவை இல்லை. ஆனால் ‘ஃப்யூஷன்’ கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற கேம். இங்கே போ என்று கணினி சொல்லும், மற்ற கதவுகள் பூட்டியிருக்கும். கதையும் பயமும் அதில்தான் அதிகம். முதல் ஆட்டத்துக்கு அது உசத்தி, மூன்றாம் ஆட்டத்துக்கு இது உசத்தி.

செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அணைத்தால் சேவ் அழிந்துவிடுகிறது. ஏன்?

இரண்டில் ஒன்று. அசல் கார்ட்ரிட்ஜ் என்றால் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி செத்திருக்கும். இந்தக் கேம் சேவைப் பேட்டரி உதவியோடுதான் நினைவில் வைத்திருக்கிறது. 2004-இல் வைத்த பேட்டரி இத்தனை வருடம் ஓடியதே பெரிது. சிஆர் 1616 என்ற அளவு; வெறும் கையால் மாற்ற முடியாது, சால்டர் வைக்க வேண்டும். ஏற்கெனவே சேவ் நிற்கிற கார்ட்ரிட்ஜாக இருந்து, முன்னெச்சரிக்கையாக மாற்றுகிறீர்கள் என்றால் ஒன்றை மறக்காதீர்கள்: பழைய பேட்டரியைக் கழற்றியதும் இருக்கிற சேவும் கேலரியும் போய்விடும். முதலில் எண்டிங் படங்களை ஃபோனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லையென்றால் அது போலிக் கார்ட்ரிட்ஜ். என் முதல் ‘ஸீரோ மிஷன்’ அப்படித்தான் அமைந்தது. நான்கு மணி நேரம் ஆடி, சேவ் செய்து, மறுநாள் காலை ஆசையாகத் திறந்தால் மூன்று ஃபைலும் காலி. விற்றவரிடம் கேட்டதற்கு “அணைக்காம வெச்சிருங்க சார்” என்றார்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கீழ்ப்பக்கம் செம்பு நிறத் தகடுகள் தெரியும் இடத்தில், அவற்றுக்குச் சற்று மேலே, பலகையில் நின்டெண்டோ பெயர் அச்சிட்டிருக்க வேண்டும். முன்பக்க லேபிளில் எண்கள் சிலவற்றை அழுத்திப் பதித்திருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். லேபிள் மங்கலாக, சாயம் போன சேலை மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். காசைக் கொடுப்பதற்கு முன்னால் அங்கேயே போட்டு, சேவ் செய்து, அணைத்து, மறுபடி திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வந்துவிடுங்கள்.

கார்ட்ரிட்ஜ் இல்லாமல் ஆட வழி?

2024 ஜூனில் நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சேவையின் எக்ஸ்பான்ஷன் பேக்கில் இது சேர்ந்தது. ‘ஃப்யூஷன்’ அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது. ஸ்விட்சை டிவியில் மாட்டாமல் கையில் வைத்து ஆடுங்கள். 240-க்கு 160 புள்ளிகள் கொண்ட சின்னத் திரைக்கு வரைந்த படங்கள் இவை, பெரிய டிவியில் ஊதிப் பெரிதாகும்போது பாதி அழகு போய்விடுகிறது.

எந்த வரிசையில் ஆடினால் எல்லாம் சலிக்காமல் திறக்கும்?

முதல் ஆட்டம் நார்மலில், யாரையும் கேட்காமல், வழிகாட்டி எதையும் படிக்காமல். சதவீதத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அடுத்து 1986 கேமில் ஒரு மணி நேரம், சுற்றிப் பார்க்கிற மாதிரி. அப்புறம் நார்மலில் நூறு சதவீதம். இதில்தான் ஷைன்ஸ்பார்க் கையில் படியும். அது படிந்த பிறகே இரண்டு மணி நேரக் கணக்கு. அதை முதலிலேயே முயன்றால் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கேமையே வெறுத்துவிடுவீர்கள்.

பிறகு நார்மலில் 15 சதவீதம், கடைசியாக ஹார்டில் அதே. ஈஸி மோடை நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டன் பழகாத சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் சரி.

கடைசியில் கிடைப்பது ஒரு படம்தானே? அதை இணையத்தில் தேடினால் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாமே?

பார்க்கலாம். எட்டுப் படங்களும் இணையத்தில் இருக்கின்றன, நானும் ஆடுவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். ஒன்றும் குறைந்துவிடவில்லை. படத்துக்காக யாரும் ஹார்டில் 15 சதவீதம் ஆடுவதில்லை. அந்தப் படம் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மாதிரி. போனோம் என்பதற்கு அடையாளம்.

உண்மையில் திறப்பது மெனுவில் வருவதில்லை. முதல் ஆட்டத்தில் அந்தச் சுரங்கம் உங்களைச் சுற்றவிடும். நாலாவது ஆட்டத்தில் நீங்கள் உள்ளூர்க்காரர். எந்தச் சந்தில் நுழைந்தால் எங்கே வெளியே வரலாம், எந்தச் சுவர் பொய்ச் சுவர் என்று தெரியும். கேமில் ஒரு எழுத்துக்கூட மாறியிருக்காது.

எட்டுப் படங்களும் வந்துவிட்டன. இனி?

ஃபைலை அழித்துவிட்டு, வீட்டில் இன்னும் ஆடாத யாரிடமாவது கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் முதல் அறையில் வலது பக்கம் போய் முட்டிக்கொள்வார்கள். வாயைத் திறக்காதீர்கள்.